மட்டாஞ்சேரியில் தமிழர்கள் எத்தனை பேர்? மக்கள்தொகைத் தரவுகளைப் படிக்கவும் பயன்படுத்தவும் ஒரு முழுமையான வழிகாட்டி

கொச்சி மட்டாஞ்சேரியில் அரை மணி நேரம் நடந்தாலே நாலைந்து மொழிகள் காதில் விழும். செர்லாய்ப் பக்கம் கொங்கணி, குஜராத்தி ரோட்டில் குஜராத்தி, கட்ச்சி மேமன் குடும்பங்களில் கட்ச்சி, எங்கும் மலையாளம். பக்கத்து ஃபோர்ட் கொச்சியின் டோபி கானாவில் தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுக்கும் குடும்பங்களின் வீட்டில் தமிழ். இவ்வளவு கலந்து கிடக்கும் ஊரில் “தமிழ் பேசுகிறவர்கள் மொத்தம் எத்தனை பேர்?” என்று கேட்டுப் பாருங்கள். சங்கக் கூட்டத்தில் ஒரு எண் சொல்வார்கள், தேர்தல் மேடையில் வேறொன்று, செய்தித்தாளில் மூன்றாவது ஒன்று.

பள்ளிக்கூடத்தில் தமிழ் வகுப்பு கேட்டு மனுப் போடுகிறவருக்கும், வார்டு சபையில் குடிநீர்க் குழாய் கேட்கிறவருக்கும், கட்டுரை எழுதும் மாணவருக்கும் சரியான எண் வேண்டும். அந்த எண்கள் பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கின்றன. எந்தக் கோப்பை எடுப்பது, அதை எப்படிப் படிப்பது, எது வரைக்கும் நம்புவது என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. இந்த வழிகாட்டி அதற்காகத்தான். கணிதப் பட்டம் எதுவும் தேவையில்லை. கூட்டல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

வழிகாட்டி முழுவதும் நான்கு கேள்விகள் கூடவே வரும்: யாரை எண்ணினார்கள்? எங்கே எண்ணினார்கள்? எப்போது? எப்படி? இந்த நான்குக்கும் விடை தெரியாத எண்ணை மனுவில் எழுதாதீர்கள்.

படி 1: கேள்வியைக் காகிதத்தில் எழுதுங்கள்

கணினியைத் திறக்கும் முன் உங்கள் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதிவிடுங்கள். “மட்டாஞ்சேரித் தமிழர்களின் நிலை” என்பது தலைப்பு. அதை வைத்துக்கொண்டு எதையும் தேட முடியாது. “2011 இல் கொச்சி தாலுகாவில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் எத்தனை பேர்?” என்பதுதான் கேள்வி. இதில் ஆண்டு இருக்கிறது, இடம் இருக்கிறது, எதை எண்ணுகிறோம் என்பதும் இருக்கிறது.

இடத்தை எழுதும்போது எந்த அளவில் விடை வேண்டும் என்பதையும் தீர்மானியுங்கள். வார்டா, மாநகராட்சியா, தாலுகாவா, மாவட்டமா, மாநிலமா? எந்தத் தரவைத் தேடிப் போவது என்பது இந்த ஒரு முடிவைப் பொறுத்தது.

படி 2: எந்தக் கணக்கு எதற்கு?

இந்தியாவில் மக்களைப் பற்றிய பெரிய அரசுக் கணக்குகள் நான்கு. ஒவ்வொன்றுக்கும் வேலை வேறு.

*மக்கள்தொகைக் கணக்கெடுப்பு.* வீடு வீடாகப் போய் எல்லோரையும் எண்ணுவது. நாடு முழுவதும் ஒரே காலத்தில் நடந்த முதல் கணக்கெடுப்பு 1881 இல் நடந்தது. அதிலிருந்து 2011 வரை பத்தாண்டுக்கு ஒருமுறை தவறாமல் நடந்தது. 2021 இல் நடந்திருக்க வேண்டியது தள்ளிப்போனது. வார்டு வரைக்கும் இறங்கிப் பார்க்க இதை விட்டால் வேறு தேசியத் தரவு கிடையாது.

*தேசியக் குடும்பநல ஆய்வு.* மும்பையில் உள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம், மத்திய சுகாதார அமைச்சகத்துக்காக நடத்துவது. 1992-93 இல் தொடங்கியது. ஐந்தாவது சுற்று 2019-21 இல் நடந்தது. பிரசவம், தடுப்பூசி, குழந்தைகளின் வளர்ச்சி, இரத்தசோகை, குடும்பக் கட்டுப்பாடு ஆகியவற்றுக்கு இதுதான் இடம். இது மாதிரி ஆய்வு. மாவட்டத்துக்குக் கீழே இறங்காது.

*தேசிய மாதிரி ஆய்வுகள்.* புள்ளியியலாளர் மகலனோபிஸின் முயற்சியால் 1950 இல் தொடங்கிய மரபு. இன்று தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் கீழ் நடக்கிறது. வேலை, வேலையின்மை பற்றிய காலமுறைத் தொழிலாளர் ஆய்வும் குடும்பச் செலவு ஆய்வும் இதில் அடக்கம்.

*மாதிரிப் பதிவு முறை.* பிறப்பு விகிதம், இறப்பு விகிதம், சிசு மரண விகிதம் ஆகியவற்றை ஆண்டுதோறும் மாநில அளவில் தருவது. இதை நடத்துவதும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்தும் தலைமைப் பதிவாளர் அலுவலகம்தான்.

கேரளத்துக்கென்று இன்னொன்றும் உண்டு. கே.சி. சக்கரியாவும் எஸ். இருதயராஜனும் திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்திலிருந்து 1998 இல் தொடங்கிய கேரளப் புலம்பெயர்வு ஆய்வு அது. வளைகுடாவுக்குப் போனவர்கள், திரும்பியவர்கள், அனுப்பிய பணம் என்று தேடுகிறவர்கள் முதலில் போக வேண்டிய இடம். 2023 சுற்றின்படி கேரளத்திலிருந்து வெளிநாடு சென்றிருந்தவர்கள் சுமார் 22 லட்சம் பேர்.

படி 3: எல்லையைச் சரிபாருங்கள்

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். ஊர்ப்பெயர் மாறாமல் இருக்கும். அந்தப் பெயருக்குள் அடங்கும் நிலம் மாறிக்கொண்டே இருக்கும்.

மட்டாஞ்சேரி கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது. நடந்தே போகக்கூடிய தூரத்தில் இருக்கும் ஃபோர்ட் கொச்சியோ பிரிட்டிஷ் கொச்சி. சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆகவே 1901 அல்லது 1931 இல் இந்த வட்டாரத்தில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று தேடுகிறவர் இரண்டு தொகுதிகளைத் திறக்க வேண்டும். மட்டாஞ்சேரிக்கு 1901 இல் எம். சங்கர மேனனும் 1931 இல் டி.கே. சங்கர மேனனும் எழுதிய கொச்சி சமஸ்தான அறிக்கைகள். ஃபோர்ட் கொச்சிக்குச் சென்னை மாகாணத் தொகுதி. ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு எழுதினால் ஊரில் பாதி காணாமல் போகும்.

எர்ணாகுளம் மாவட்டம் 1958 ஏப்ரல் 1 அன்றுதான் உருவானது. ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி, எர்ணாகுளம் ஆகிய மூன்று நகராட்சிகளையும் சுற்றுப்பகுதிகளையும் இணைத்துக் கொச்சி மாநகராட்சி வந்தது 1967 நவம்பர் 1 அன்று. அதற்குப் பிறகு மட்டாஞ்சேரி தனி ஊராகப் பட்டியலில் வராது. மாநகராட்சிக்குள் சில வார்டுகளாகக் கிடக்கும்.

கொச்சி எவ்வளவு வளர்ந்தது என்ற கேள்வியைப் பாருங்கள். மாநகராட்சியின் மக்கள்தொகை 2001 இல் 5,95,575. 2011 இல் 6,02,046. பத்தாண்டில் 1 சதவீதத்துக்குச் சற்று மேல். மாநகராட்சியும் அதை ஒட்டிய நகரப் பகுதிகளும் சேர்ந்த கொச்சி நகரத் திரட்டின் மக்கள்தொகையோ 2001 இல் 13,55,972. 2011 இல் 21,19,724. வளர்ச்சி 56 சதவீதம். இரண்டுமே அரசின் எண்கள், இரண்டுமே சரி. மாநகராட்சியைச் சுற்றியுள்ள பல ஊர்கள் 2011 இல் புதிதாகக் கணக்கெடுப்பு நகரங்கள் என்ற வகைக்குள் வந்து திரட்டில் சேர்ந்தன. மக்கள்தொகை 5,000 க்குக் குறையாமல், சதுர கிலோமீட்டருக்கு 400 பேருக்குக் குறையாமல், முழுநேர உழைப்பாளிகளான ஆண்களில் முக்கால்வாசிப் பேராவது விவசாயத்துக்கு வெளியே வேலை பார்த்தால், பஞ்சாயத்தாகவே இருந்தாலும் கணக்கெடுப்பில் அது நகரம். கேரளத்தில் இப்படிப்பட்ட ஊர்கள் 2001 இல் 99. 2011 இல் 461. மாநிலத்தின் நகர்ப்புற விகிதம் 26 இலிருந்து 47.7 சதவீதத்துக்குத் தாவியதற்குப் பெரும் காரணம் இதுதான். “கொச்சி பத்தாண்டில் ஒன்றரை மடங்கானது” என்று எழுதுகிறவர் எல்லை பெரிதானதையும் சேர்த்தே எண்ணுகிறார்.

படி 4: அடிப்படைப் பட்டியலைத் திறந்து படியுங்கள்

தலைமைப் பதிவாளர் அலுவலக இணையதளத்தில் முதலில் எடுக்க வேண்டியது முதன்மைக் கணக்கெடுப்புச் சுருக்கம். எக்செல் கோப்பாகவே கிடைக்கும். ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு வரி. குடும்பங்கள், மொத்த ஆட்கள், ஆறு வயது வரையிலான குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், எழுத்தறிவு பெற்றவர்கள், உழைப்பாளிகள் என்று பத்திகள் நீளும்.

திறந்ததும் இரண்டு தடங்கல் வரும். முதலாவது, வார்டுகள் பெயரில்லாமல் எண்ணால் குறிக்கப்பட்டிருக்கும். மட்டாஞ்சேரி என்று தேடினால் அகப்படாமல் போகலாம். கணக்கெடுப்பு நடந்த காலத்து வார்டு வரைபடத்தை வைத்து எண்களைக் கண்டுபிடிக்க வேண்டும். இன்றைய வரைபடம் உதவாது. 2025 இல் வார்டுகள் மறுவரையறை செய்யப்பட்டு 76 ஆகிவிட்டன. இரண்டாவது, மாநகராட்சி கொச்சி, கணயன்னூர் என்ற இரண்டு தாலுகாக்களில் பரந்து கிடக்கிறது. மட்டாஞ்சேரி வேண்டுமென்றால் கொச்சி தாலுகா. மாநகராட்சி முழுவதும் வேண்டுமென்றால் இரண்டிலும் தேடிக் கூட்ட வேண்டும்.

பட்டியலில் மாவட்டம், தாலுகா, நகரம், வார்டு என எல்லா அளவுகளும் ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கும். அளவைச் சொல்லும் பத்தியில் வடிகட்டாமல் மொத்தக் கூட்டல் போட்டால் ஒரே ஆளை மூன்று நான்கு முறை எண்ணிவிடுவீர்கள்.

இனி ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2011 இல் கேரளத்தின் மக்கள்தொகை 3,34,06,061. எழுத்தறிவு பெற்றவர்கள் 2,81,35,824. வகுத்தால் 84.2 சதவீதம். ஆனால் கேரளத்தின் எழுத்தறிவு 94 சதவீதம் என்றுதானே எங்கும் படிக்கிறோம்? கணக்கெடுப்பில் எழுத்தறிவு என்பது ஏழு வயது நிரம்பியவர்களுக்கு மட்டுமே. ஆறு வயது வரையிலான 34,72,955 குழந்தைகளை மக்கள்தொகையிலிருந்து கழியுங்கள். மீதி 2,99,33,106. இப்போது வகுத்தால் 94.0. உங்கள் வார்டுக்கும் இப்படித்தான் கணக்கிட வேண்டும். எந்தச் சதவீதத்தைப் பார்த்தாலும் கீழே வகுக்கும் எண் எது என்று கேட்பது இந்தத் துறையில் முதல் பழக்கமாக வேண்டும்.

வீடுகளைப் பற்றி அறிய, வீட்டுப் பட்டியல் தரவு தனியாக உண்டு. சுவர், கூரை, குடிநீர் எங்கிருந்து வருகிறது, குழாய் வீட்டுக்குள் இருக்கிறதா வெளியே இருக்கிறதா, கழிப்பறை, சமையல் எரிபொருள், வங்கிக் கணக்கு ஆகியவை வார்டு வாரியாகச் சதவீதத்தில் கிடைக்கும். நெருக்கடியான பழைய வீடுகளும் குடிநீர்ப் பிரச்சினையும் உள்ள பகுதிக்காகப் பேசுகிறவர்களுக்கு இது கையில் இருக்க வேண்டிய ஆதாரம்.

படி 5: மொழிப் பட்டியலைப் படியுங்கள்

நம் கேள்விக்கான பட்டியல் சி-16. தாய்மொழி வாரியான மக்கள்தொகை இதில் இருக்கிறது. மாநிலம், மாவட்டம், தாலுகா என்று இறங்கலாம். வார்டுக்கு மொழிக் கணக்கு வெளியிடப்படுவதில்லை. ஆகவே மட்டாஞ்சேரிக்கு மட்டும் தனி எண் கிடையாது. கொச்சி தாலுகாவுக்கு உண்டு. அந்தத் தாலுகா வைப்பின் தீவிலிருந்து செல்லானம் வரை நீள்கிறது என்பதையும் எண்ணோடு சேர்த்தே எழுத வேண்டும்.

தமிழ் வரியைக் கண்டதும் அங்கேயே நின்றுவிடாதீர்கள். இந்தப் பட்டியலில் ‘மொழி’ என்பது ஒரு குடை. அதன் கீழே பல ‘தாய்மொழிகள்’ வரும். 2011 இல் தமிழ் என்ற தலைப்பின் கீழே தமிழோடு இருளர் மொழி, கைகாடி, கொரவ, எருகுலா ஆகியவையும் தொகுக்கப்பட்டிருந்தன. கேரளத்தில் அட்டப்பாடி இருளர்கள் இருப்பதால், மாநில மொத்தத்தை எடுக்கும்போது இந்த வேறுபாடு கணக்கில் தெரியும். உங்களுக்கு வேண்டியது குடையின் மொத்தமா, உள்ளே இருக்கும் தமிழ் என்ற வரியா என்று தீர்மானித்து, எதை எடுத்தீர்கள் என்று எழுதுங்கள்.

தாய்மொழிக்கான விதிமுறையும் தெரிந்திருக்க வேண்டும். ஒருவரின் குழந்தைப் பருவத்தில் அவருடைய தாய் அவரோடு பேசிய மொழியே தாய்மொழி. தாய் சிறு வயதிலேயே இறந்திருந்தால், அந்தப் பருவத்தில் வீட்டில் முக்கியமாகப் பேசிய மொழி. இன்று கடையில் மலையாளம் பேசுகிறாரா, பிள்ளைகளோடு என்ன பேசுகிறார் என்பதெல்லாம் இந்தப் பத்தியில் சேராது. வேறு என்ன மொழிகள் தெரியும் என்பது சி-17 பட்டியலில் வரும்.

2001 இல் கேரளத்தில் தமிழ் என்ற தலைப்பில் பதிவானவர்கள் சுமார் 5.97 லட்சம் பேர். 2011 இல் சுமார் 5.02 லட்சம் பேர். குறைந்தது என்று பட்டியல் சொல்கிறது. ஏன் குறைந்தது என்று சொல்வதில்லை. தமிழ்நாட்டுக்குத் திரும்பிப் போனார்களா, அடுத்த தலைமுறை மலையாளத்தைத் தாய்மொழியாகச் சொன்னதா, தோட்டங்களில் வேலை சுருங்கியதா? இவை கள ஆய்வில் தேட வேண்டியவை. எண்ணைக் காட்டிவிட்டு உங்கள் ஊகத்தை அதன் மேல் ஏற்றி வைக்காதீர்கள்.

படி 6: மாதிரி ஆய்வு என்ன சொல்லும், என்ன சொல்லாது

பஜார் ரோட்டு மிளகுக் கிடங்கில் மூட்டையை அவிழ்க்காமலே குத்தூசியைச் செருகி ஒரு கைப்பிடி எடுத்துத் தரம் பார்ப்பார்கள். பல மூட்டைகளில், பல இடங்களில் குத்தி எடுத்தால் சரக்கு முழுவதையும் பற்றிச் சொல்லலாம். ஆனால் குத்தாத ஒரு மூட்டையைச் சுட்டிக்காட்டி “இதில் என்ன இருக்கிறது?” என்று கேட்டால், கையில் இருக்கும் மிளகு பதில் சொல்லாது.

குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் நாடு முழுவதும் 6,36,699 குடும்பங்களைக் கேட்டார்கள். கேரளத்தில் 12,330 குடும்பங்கள். 14 மாவட்டங்களுக்குப் பங்கிட்டால் மாவட்டத்துக்குச் சராசரியாக 880. ஓர் இடத்தில் 22 வீடுகள் என்பது ஆய்வின் முறை. அப்படியென்றால் ஒரு மாவட்டத்துக்குச் சுமார் 40 இடங்கள். எர்ணாகுளம் மாவட்டத்தில் கடற்கரையிலிருந்து கோதமங்கலம் மலையடிவாரம் வரைக்கும் அவ்வளவுதான். மட்டாஞ்சேரியில் ஒரு இடம் விழுந்திருக்கலாம், ஒன்றுமே விழாமலும் இருக்கலாம். குடும்பநல ஆய்வின்படி மட்டாஞ்சேரியில் இத்தனை சதவீதம் என்று யாராவது சொன்னால், அது ஆய்வு சொன்னதாக இருக்க முடியாது.

இருப்பிடத் தரவை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்கலாமே என்று தோன்றும். பதிலளித்தவர்களின் அந்தரங்கத்தைக் காக்க, நகரப் பகுதிகளில் புள்ளிகளை இரண்டு கிலோமீட்டர் வரை வேண்டுமென்றே நகர்த்தித்தான் தருகிறார்கள். மட்டாஞ்சேரிப் புள்ளி வேறொரு பகுதியில் போய் விழ அது போதும்.

படி 7: பிழை வரம்பைக் கணக்கிடுங்கள்

மாதிரி ஆய்வில் வரும் ஒவ்வொரு சதவீதத்துக்கும் இருபுறமும் ஒரு வரம்பு உண்டு. தோராயமாகக் கணக்கிட எளிய வழி இருக்கிறது.

400 குழந்தைகளைக் கேட்டதில் 20 சதவீதம் என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். 0.20 ஐ 0.80 ஆல் பெருக்கினால் 0.16. அதை 400 ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.02, அதாவது 2 சதவீதப் புள்ளி. அதை இரட்டித்தால் 4. ஆக உண்மை 16 இலிருந்து 24 வரை எங்கும் இருக்கலாம். ஒரே தெருவில் 22 வீடுகளைக் கேட்பதால் பதில்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். அதனால் வரம்பு இன்னும் விரியும். சுமார் 1.4 ஆல் பெருக்கினால் 14 முதல் 26 வரை. போன சுற்றில் 18, இந்தச் சுற்றில் 20 என்றால் “உயர்ந்தது” என்று தலைப்பு போடலாமா? கூடாது.

கேரளத்தில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. ஆய்வுக்கு முந்தைய ஐந்தாண்டில் பிறந்த குழந்தைகளில் 1,000 ஆண்களுக்குப் பெண்கள் 1,047 என்றது குடும்பநல ஆய்வின் நான்காவது சுற்று. ஐந்தாவது சுற்றில் 951. பெண் சிசுக்களுக்கு ஏதோ பெரிய ஆபத்து என்று பார்த்ததும் பதறத் தோன்றும். உலகெங்கும் இயற்கையாகப் பிறக்கும் விகிதமே 1,000 ஆண்களுக்கு ஏறக்குறைய 950 பெண்கள்தான். 2,500 குழந்தைகள் கொண்ட மாதிரியில் தற்செயலாலேயே இந்த எண் 880 இலிருந்து 1,030 வரை ஆடக்கூடும். இதில் விசித்திரமாக இருந்தது பழைய 1,047. புதிய 951 இயல்பான எண்.

ஆய்வு அறிக்கைகளே எச்சரிக்கை தருகின்றன. அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண் 25 முதல் 49 பேரை மட்டும் வைத்துக் கணக்கிட்டது. நட்சத்திரக் குறி இருந்தால் 25 க்கும் குறைவானவர்கள் என்பதால் எண்ணையே தரவில்லை என்று பொருள். அடைப்புக்குறியை நீக்கிவிட்டு எண்ணை மட்டும் எடுத்துப் போடுவது வாசகரை ஏமாற்றுவது.

படி 8: யார் விடுபட்டார்கள் என்று கேளுங்கள்

2021 நவம்பரில் ஐந்தாவது சுற்றின் தேசிய முடிவுகள் வந்தபோது, இந்தியாவில் முதல்முறையாக 1,000 ஆண்களுக்கு 1,020 பெண்கள் என்று செய்தி பரவியது. 2011 கணக்கெடுப்பில் இது 943. பத்தாண்டில் இவ்வளவு பெரிய மாற்றம் நடந்துவிடாது.

குடும்பநல ஆய்வு சாதாரண வீடுகளுக்குப் போய், முந்தைய இரவு அங்கே தங்கியவர்களை எண்ணுகிறது. ராணுவ முகாம், விடுதி, சிறை, வேலைத்தளக் கொட்டகை, நடைபாதை ஆகியவை அதில் வராது. அந்த இடங்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். கேரளத்தில் இதே ஆய்வு 1,121 என்று காட்டுவதற்குப் பின்னால் வளைகுடாவில் இருக்கும் ஆண்களும் இருக்கிறார்கள். கணக்கெடுப்போ நிறுவனங்களில் இருப்பவர்களையும் எண்ணுகிறது. வீடில்லாதவர்களைத் தேடிப் பிடிக்க ஓர் இரவையே ஒதுக்குகிறது.

முழுக் கணக்கெடுப்பிலும் விடுபடல் உண்டு. 2011 இல் நடந்த பின்சரிபார்ப்பு ஆய்வின்படி ஆயிரத்துக்கு 23 பேர் எண்ணிக்கையில் விடுபட்டிருந்தார்கள். மாதிரி ஆய்வுகளோ இடங்களைத் தேர்ந்தெடுக்கப் பெரும்பாலும் 2011 பட்டியலையே இத்தனை ஆண்டுகளாக நம்பியிருந்தன. அதற்குப் பிறகு முளைத்த குடியிருப்புகளும் வங்கம், அசாம், ஒடிசாவிலிருந்து வந்து கேரளத்தில் உழைக்கும் தொழிலாளர்களும் அதில் சரியாகப் பதிவாவது கடினம்.

படி 9: ஒரே சொல்லுக்கு வேறு வேறு வரையறைகள்

இஞ்சிக் கிடங்கில் ஆண்டுக்கு 40 நாள் மட்டும் கூலி வேலை செய்யும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கெடுப்பில் ஆறு மாதத்துக்குக் குறைவாக வேலை செய்ததால் அவர் குறுநேர உழைப்பாளி. தொழிலாளர் ஆய்வின் வழக்க நிலையில், துணைத் தொழிலாக 30 நாளைத் தாண்டியதால் உழைப்பாளி. அதே ஆய்வின் வார நிலையில், கடந்த ஏழு நாட்களில் ஒரு மணி நேரமாவது வேலை செய்திருந்தால் உழைப்பாளி, இல்லையென்றால் இல்லை. பெண் ஒருவர்தான், கணக்கு மூன்று. ஆகவே ஓர் ஆய்வின் வேலைவாய்ப்பு விகிதத்தை இன்னொன்றோடு ஒப்பிடும் முன் வரையறைப் பக்கத்தைப் படியுங்கள்.

படி 10: மூலத் தரவில் இறங்குவது

அச்சிட்ட அட்டவணைகளில் இல்லாத கேள்வி வந்தால் மூலத் தரவை எடுக்கலாம். தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் மைக்ரோடேட்டா தளத்தில் பதிவு செய்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். குடும்பநல ஆய்வின் கோப்புகள் நீண்டகாலம் அமெரிக்க நிதியில் நடந்த டிஹெச்எஸ் திட்டத்தின் வழியே உலகெங்கும் சென்றன. 2025 தொடக்கத்தில் அந்த நிதி நின்றபோது ஆராய்ச்சியாளர்கள் தவித்துப் போனார்கள். இறக்கிய கோப்பையும் அதன் கையேட்டையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்பது அதிலிருந்து கிடைக்கும் பாடம்.

கோப்பைத் திறந்ததும் எடை என்ற பத்தியைத் தேடுங்கள். வயநாட்டில் 2011 இல் 8.17 லட்சம் பேர், மலப்புறத்தில் 41.13 லட்சம் பேர். மாவட்டத்துக்கு ஏறக்குறைய ஒரே அளவு வீடுகளைக் கேட்டிருப்பதால், மலப்புறத்தில் பதில் சொன்ன ஒருவர் வயநாட்டுக்காரரைவிடப் பல மடங்கு பேருக்காகப் பேசுகிறார். எடை இதைச் சரிசெய்கிறது. எடை போடாமல் எடுத்த சராசரி மாநிலத்தின் சராசரி ஆகாது. குடும்பநல ஆய்வில் பெண்கள் கோப்பின் வி005 என்ற பத்தியைப் பத்து லட்சத்தால் வகுத்துப் பயன்படுத்த வேண்டும். எக்செல் திணறும் அளவுக்குக் கோப்புகள் பெரியவை. ஆர் என்ற இலவச மென்பொருளைக் கற்றுக்கொள்வது நல்லது.

எடையைச் சரியாகப் போட்டீர்களா என்று அறிய ஒரு சோதனை: அச்சிட்ட அறிக்கையில் உள்ள ஏதாவது ஓர் எண்ணை நீங்களே மூலத் தரவிலிருந்து வரவழையுங்கள். அதே எண் வந்த பிறகுதான் புதிய கேள்விக்குப் போக வேண்டும்.

படி 11: ஒரு பக்கக் குறிப்பாக எழுதுங்கள்

கிடைத்ததை மனுவிலோ கட்டுரையிலோ இப்படி அடுக்குங்கள்:

- கேள்வி: ஒரே வாக்கியம்.
- எண்: அதன் ஆண்டு, இடம், பட்டியல் பெயரோடு.
- வரையறை: யார் சேர்ந்தார்கள், யார் சேரவில்லை.
- வரம்பு: மாதிரி ஆய்வு என்றால் எத்தனை பேரைக் கேட்டது.
- ஒப்பீடு: அதே வரையறை, அதே எல்லை உள்ள இன்னொரு எண்.
- உங்கள் கோரிக்கை: எண்ணிலிருந்து நேராக வருவது மட்டும்.

மட்டாஞ்சேரித் தமிழர்கள் எத்தனை என்ற கேள்விக்கு நேர்மையான குறிப்பு தாலுகா எண்ணைத் தரும். வார்டு அளவில் மொழிக்கான தேசியத் தரவு இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லும். அதற்கு ஈடாகப் பள்ளிச் சேர்க்கைப் பதிவையோ சங்கம் வீடு வீடாக எடுத்த பட்டியலையோ, அது எப்படி எடுக்கப்பட்டது என்ற விவரத்தோடு தனியாக இணைக்கும். இரண்டையும் கலந்து ஒரே எண்ணாக்காது. இப்படி எழுதிய மனுவை எந்த அதிகாரியும் எளிதில் தள்ளிவிட முடியாது.

கடைசியாக: நீங்களும் ஒரு தரவுதான்

அடுத்த கணக்கெடுப்புக்கான அறிவிக்கை 2025 ஜூன் 16 அன்று வெளியானது. கணக்கிடும் நாள் 2027 மார்ச் 1. முதலில் வீட்டுப் பட்டியல், பிறகு தலைக்கணக்கு. விவரங்களை நாமே இணையத்தில் பதியும் வசதியும் இந்த முறை உண்டு. நீங்கள் சொல்லும் விவரத்தை 1948 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டம் காக்கிறது; தனிநபர் பதிவை யாரும் பார்வையிட முடியாது, அதை வழக்கில் ஆதாரமாகவும் காட்ட முடியாது.

கேரளத்தில் தமிழிலேயே அரசுக்கு எழுதும் உரிமையை 1969 ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினருக்குத் தந்திருக்கிறது. ஒரு பகுதியில் 15 சதவீதத்துக்குக் குறையாத மொழிச் சிறுபான்மையினருக்கு அவர்கள் மொழியில் அரசு அறிவிப்புகளை வெளியிட வேண்டும் என்ற ஏற்பாடும் நாட்டில் உண்டு. அந்த 15 சதவீதத்தைத் தீர்மானிப்பது இந்தக் கணக்குத்தான்.

எனவே கணக்கெடுப்பாளர் வாசலுக்கு வரும்போது வெளியே நிற்க வைத்து அவசரமாகப் பதில் சொல்லி அனுப்பாதீர்கள். உட்கார வைத்துப் பேசுங்கள். தாய்மொழி என்ன என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கேட்கச் சொல்லுங்கள்; தாய் பேசிய மொழியைத் தயங்காமல் சொல்லுங்கள்; எழுதியதைத் திருப்பிப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டு முதியவருக்கும் இதைச் சொல்லிவையுங்கள். இன்று நீங்கள் தரும் பதிலை வைத்துத்தான் அடுத்த பத்தாண்டுக்கு உங்கள் தெருவைப் பற்றிப் பேசுவார்கள்.